புது மின்சாரக் காரும் பழைய வீட்டுக் கம்பியும்

(ஈரோட்டில் எங்கள் தெருப் படிப்பகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று என்னை இங்கே நிறுத்தியிருப்பது ஒரு கார். அது இன்னும் நம் தெருவுக்கு வரவில்லை. வருகிற வியாழக்கிழமை வரப்போகிறது. என் தம்பி கடன் போட்டு வாங்கியிருக்கிறான். வாடகைக்கு ஓட்டப்போகிறான். அது பெட்ரோலும் குடிக்காது, டீசலும் குடிக்காது, மின்சாரத்தில் ஓடும் என்று தெரிந்த நாளாக எங்கள் வீட்டுத் திண்ணையில் கூட்டம் குறையவில்லை. "மழையில் நனைந்தால் ஷாக் அடிக்குமாமே?" என்கிறார் ஒருவர். "நடு ரோட்டில் வெடித்து விடுமாமே?" என்கிறார் மற்றொருவர். "எட்டு வருஷத்தில் பாட்டரி போய்விட்டால் காரைப் பழைய இரும்புக்குத்தானே போடவேண்டும்?" என்கிறார் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். அவர் கவலை அவருக்கு. இப்படி ஆளுக்கொன்றாகக் கேட்பதைவிட எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்டுப் போகலாமே என்றுதான் படிப்பகத் தோழர்கள் இந்தக் கூட்டத்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

நான் படித்தவனல்ல. எட்டாம் வகுப்போடு நின்றவன். ஒரு வயர்மேனுக்குக் கையாளாகப் போய் ஏணி பிடித்து, சுவரைக் கொத்தி, கம்பி இழுத்துக் கற்றுக்கொண்டதுதான் என் கல்லூரி. மற்றதெல்லாம் பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிப் படித்தது. ஆதலால் நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே எழுந்து கேளுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மின்சாரக் கார் என்பது நேற்று முளைத்த அதிசயமல்ல. 1899-ஆம் வருஷத்தில் பெல்ஜியம் தேசத்துக்காரரான ஜெனாட்சி என்பவர் பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு மின்சாரக் காரை ஓட்டி, மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிக் காட்டினார். ரோட்டில் ஓடும் வண்டியொன்று அந்த வேகத்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. 1900 வாக்கில் அமெரிக்காவில் இருந்த கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்சாரத்தில் ஓடியது. பெட்ரோல் கார் விற்றுப் பெரும் பணக்காரரான ஹென்றி ஃபோர்டு இருக்கிறாரே, அவருடைய மனைவியார் கிளாரா அம்மையார் ஓட்டியது மின்சாரக் கார். ஏனென்றால் பெட்ரோல் காரைக் கிளப்ப வேண்டுமானால் முன்னே நின்று இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்ற வேண்டும். அது திருப்பி அடித்தால் கை முறியும். மின்சாரக் காரில் அந்தத் தொல்லை இல்லை.

பிறகு ஏன் அது போயிற்று? 1912-ல் காடிலாக் காரில் கெட்டரிங் என்பவர் ஒரு சிறு மின்சார மோட்டாரை வைத்து, பெட்ரோல் எஞ்சினைத் தானே கிளம்பும்படி செய்துவிட்டார். அதாவது மின்சாரக் காரைக் கொன்றது மின்சார மோட்டார்தான்! பெட்ரோலும் மலிவாயிற்று. அந்தக் காலத்து ஈயப் பாட்டரியோ மலைபோல் கனம். கொஞ்ச தூரத்துக்கு மேல் இழுக்காது. நம் நாட்டிலும் 1993-ல் ஒரு கம்பெனி 'லவ்பேர்டு' என்று ஒரு சின்ன மின்சாரக் கார் செய்து காட்டியது; ஓடவில்லை, அதாவது விற்கவில்லை. 2001-ல் பெங்களூரில் 'ரேவா' வந்தது. அதுவும் ஈயப் பாட்டரியில் புறப்பட்டதுதான். நிலைமையை மாற்றியது லித்தியம் பாட்டரி. 1991-ல் ஜப்பானில் காமிராவுக்கென்று விற்பனைக்கு வந்த அந்தச் சரக்கு செல்போனுக்குப் போய், மடிக் கம்ப்யூட்டருக்குப் போய், கடைசியில் காருக்கு வந்து சேர்ந்தது. அதற்கு வழி காட்டிய மூன்று பேருக்கு 2019-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர்களில் குட்எனஃப் என்பவருக்கு அப்போது வயது 97. நம்மூரில் அறுபது ஆனதும் "இனி நமக்கென்ன" என்று துண்டை விரித்துப் படுத்து விடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

நிற்க. நான் பேச வந்த விஷயம் கார் அல்ல. கார் வருவதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டியது.

போன மாதம் கார் விற்கிற இடத்திலிருந்து ஒரு பையன் வந்தான். காருடன் ஒரு சார்ஜர் பெட்டி கொடுப்பார்கள். அதைச் சாதாரணப் பதினைந்து ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டலாம் என்றான். என் தம்பியும் வாசலில் மோட்டாருக்கென்று போட்டிருந்த பழைய சாக்கெட்டைக் காட்டினான். பையன் தன் பெட்டியை மாட்டிப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. "எர்த் இல்லைங்க, இதில் சார்ஜ் ஏறாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தம்பி ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தான். அவர் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தார். பச்சைக் கம்பியே இல்லை. "ஏனுங்கண்ணா, இதுக்குப் போயா கவலைப்படறீங்க? நியூட்ரல்ல இருந்து எர்த் பின்னுக்கு அரையடி ஒயர் கொடுத்தாப் போச்சு. பச்சை லைட் எரியும் பாருங்க. நான் பத்து வீட்டுல இப்படித்தான் பண்ணிக் கொடுத்திருக்கேன்" என்றார். தம்பிக்கும் சந்தோஷம். அரையடி ஒயருக்கு என்ன செலவு?

நான்தான் கூடாதென்றேன். வீட்டில் சண்டை வந்துவிட்டது. "நீங்க எல்லாத்துக்கும் ஏன் எதற்கென்று கேட்பீங்க, கடன் தவணை எனக்கல்லவா ஓடுது" என்று தம்பி கோபித்துக்கொண்டான். நான் அவனிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "அக்கா எப்படிச் செத்தாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?"

தோழர்களே, அப்போது அவனுக்கு ஐந்து வயது. ஞாபகம் இருக்க நியாயமில்லை. எனக்குப் பதின்மூன்று வயது. 1994, ஐப்பசி மாதம். அம்மா இட்லிக் கடை நடத்தினாள். வாடகைக் குடிசையிலிருந்து அப்போதுதான் ஒட்டு வீட்டுக்கு வந்திருந்தோம். பழைய கிரைண்டர் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தோம். இரவெல்லாம் மழை. தரை ஈரம். விடியற்காலையில் அக்கா மாவு வழிக்கக் கையை வைத்தாள். கத்தக்கூட இல்லை. அவளுக்கு அப்போது பதினேழு வயது.

ஊரார் என்ன சொன்னார்கள் தெரியுமா? "விதி" என்றார்கள். ஜாதகம் பார்ப்பவர், "பதினேழில் கண்டம் என்று நான் அன்றைக்கே சொன்னேனே" என்றார். அவர் அன்றைக்குச் சொன்னதை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அம்மாவும் ஒப்புக்கொண்டாள். கண்டத்துக்குப் பரிகாரம் செய்யாமல் விட்டது தன் குற்றமென்று சாகிறவரையில் அழுதாள்.

இரண்டு வருஷம் கழித்து நான் கையாளாகப் போன வயர்மேன், ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மூலையில் கிடந்த அதே கிரைண்டரைப் பிரித்துப் பார்த்தார். மோட்டாரின் உள்சுற்றில் ஓரிடத்தில் வார்னிஷ் உரிந்து செம்புக் கம்பி இரும்பு உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிரைண்டரிலிருந்து வரும் ஒயரில் மூன்று கம்பிகள் இருந்தன. மூன்றாவதான பச்சைக் கம்பியை மடக்கி டேப் சுற்றி வைத்திருந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு ஓட்டைச் சாக்கெட். அதற்கேற்ப இரண்டு பின் பிளக்கை மாட்டி விற்றிருந்தார்கள். ஃப்யூஸ் கட்டையில் பார்த்தால் ஃப்யூஸ் கம்பிக்குப் பதிலாக நாலு இழைச் செம்புக் கம்பி. அடிக்கடி போகாமலிருக்க யாரோ செய்த உபகாரம். அவர் அந்தப் பச்சைக் கம்பியின் நுனியை என் கையில் கொடுத்து, "இதுதான்டா உங்க அக்காவோட கண்டம்" என்றார்.

அன்றைக்கு நான் அழவில்லை. கோபந்தான் வந்தது. அந்தக் கோபத்தில்தான் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கக் கற்றேன்.

இப்போது அந்தப் பச்சைக் கம்பிக்கு வேலை என்ன என்று பார்ப்போம். வீட்டுக்குள் மின்சாரம் ஃபேஸ் கம்பி வழியாக வருகிறது. வேலையைச் செய்துவிட்டு நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகிறது. எர்த் கம்பியில் சாதாரணமாக எதுவும் ஓடாது. அது சும்மா இருக்கிற காவல்காரன். ஃபேஸ் கம்பி எங்காவது பிய்ந்து இரும்பைத் தொட்டால், மனிதன் உடம்பு வழியாகப் பூமிக்குப் போவதைவிட அந்தக் கம்பி வழியாகப் போவது அதற்குச் சுலபம். அப்படிக் குபீரென்று பாய்வதால் ஃப்யூஸ் போகும், அல்லது இப்போதுள்ள எம்.சி.பி. விழுந்துவிடும். அவ்வளவுதான் தத்துவம்.

சார்ஜர் பெட்டி முதலில் கேட்கிற கேள்வி, "இந்த வீட்டில் காவல்காரன் இருக்கிறானா?" என்பது. இல்லையென்றால் சிவப்பு. அந்தக் கேள்விக்குப் பொய்ச்சாட்சி சொல்லுவதுதான் அந்த அரையடி ஒயர். சாதாரண நேரத்தில் நியூட்ரலும் பூமியும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பதால் பெட்டி ஏமாந்து பச்சை விளக்கைக் காட்டிவிடும். சரி, ஒரு நாள் மழைக்காற்றில் கம்பத்தில் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தது அல்லது மீட்டர் கட்டையில் அதன் திருகு கழன்றது என்று வையுங்கள். இது அபூர்வமான விபத்தல்ல. நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். அப்போது வீட்டில் எரிகிற விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி வழியாகப் போன மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் நியூட்ரல் கம்பி முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். அந்த நியூட்ரலை எர்த் பின்னோடு இணைத்து, அந்தப் பின்னைச் சார்ஜர் வழியாகக் காரின் உடம்போடு இணைத்து வைத்திருக்கிறோம். கார் நிற்பதோ ரப்பர் சக்கரத்தில். பூமிக்குக் கசியவும் வழியில்லை. ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு வந்து கதவைத் திறக்கிற குழந்தைதான் வழி. காரிலும் கோளாறு இல்லை, சார்ஜரிலும் கோளாறு இல்லை. இருந்தும் சாவு வரும். மறுநாள் பத்திரிகையில் "மின்சாரக் கார் ஷாக் அடித்து..." என்று வரும். பத்து வீட்டில் இப்படிச் செய்து கொடுத்ததாகச் சொன்ன தோழரிடம் அந்தப் பத்து வீட்டு விலாசத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆறு வீட்டுக்குப் போய் வந்துவிட்டேன். இன்னும் நாலு பாக்கி.

(இங்கே ஒரு தோழர் எழுந்து, எர்த் குழி இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்டார்.)

நல்ல கேள்வி. போதாது. எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு எர்த் குழி இருக்கத்தான் செய்தது. வீடு கட்டினவர் போட்டது. சுக்கான் பாறையில் நாலடிக்கு ஒரு குழாயை அடித்து, மேலே சிமெண்டும் பூசிவிட்டார். பிறகு ஒரு குடம் தண்ணீர் யாரும் ஊற்றியதில்லை. கருவியை வைத்து அளந்தால் நாற்பது ஓம் காட்டியது. 230-ஐ நாற்பதால் வகுத்துப் பாருங்கள். ஆறு ஆம்பியர்கூட வரவில்லை. அதாவது ஃபேஸ் கம்பி இரும்பைத் தொட்டாலும் அந்தக் குழி வழியாக ஆறு ஆம்பியருக்குக் குறைவாகத்தான் பாயும்; இருபது ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. இரும்பு உயிரோடு நிற்கும். மனிதனுக்கு உயிர் போக ஒரு ஆம்பியரில் சிறு பின்னமே போதும்.

ஆகவே இரண்டு வேலை செய்தோம். மண் ஆழமாக இருக்கிற இடமாகத் தேடி, தென்னைமரத்துக்குப் பக்கத்தில் புதுக் குழி எடுத்து, நீளமான குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்ற வாயைத் திறந்து வைத்தோம். குளிக்கிற தண்ணீர் தென்னைக்குப் போகிற வாய்க்காலும் அதுதான், ஈரம் வற்றாது. இரண்டாவது, ஆர்.சி.சி.பி. என்கிற ஒன்றை மாட்டினோம். எம்.சி.பி. வேறு, இது வேறு. கடையில் குழப்பிக் கொடுத்துவிடுவார்கள், ஜாக்கிரதை. இது ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சரிக்குச் சரியா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், அதாவது அவ்வளவு மின்சாரம் யார் உடம்பு வழியாகவோ எந்தச் சுவர் வழியாகவோ களவு போனால், கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். அதில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் உடைக்கிறவர்கள் அன்றைக்கே இதையும் அமுக்கினால் நாள் மறக்காது. (சிரிப்பு.)

தாய்மார்களே, இதைக் கார் இருக்கிறவர்களுக்கென்று நினைத்துவிடாதீர்கள். ஈரத் தரையில் நின்று கிரைண்டரையும் வாஷிங் மெஷினையும் தொடுகிறவர்கள் நீங்கள்தான். ஆண்பிள்ளைகள் சோபாவில் உட்கார்ந்து சுவிட்சைப் போடச் சொல்லுகிறவர்கள்.

அடுத்தபடி சாக்கெட்டும் கம்பியும். இஸ்திரிப் பெட்டியும் பெரிய சாக்கெட்டில்தானே ஓடுகிறது, காரும் ஓடினால் என்ன என்று கேட்பீர்கள். இஸ்திரிப் பெட்டி ஐந்து நிமிஷம் எரிந்து அணையும். கார் பதின்மூன்று, பதினான்கு ஆம்பியரை எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். கணக்கு எளிது. தம்பி வாங்கிய காரில் பாட்டரி 24 யூனிட் பிடிக்கும். சார்ஜர் மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட் கொடுக்கும். காலியிலிருந்து நிரம்ப எட்டு மணி, சேதாரத்தையும் சேர்த்தால் ஒன்பது மணி நேரம். மின்சாரம் இரட்டித்தால் கம்பியின் சூடு இரட்டிக்காது, நான்கு மடங்காகும். ஒரு திருகு லூசாக இருந்தால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் உருகி, கருகி, நள்ளிரவில் புகை வரும். அதனால்தான் மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி எம்.சி.பி., அந்தக் கம்பியில் வேறெந்த உருப்படியும் கூடாது என்று வைத்தோம். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டவே கூடாது. குழியும் கம்பியும் எல்லாமாகப் பதினோராயிரம் ரூபாய் ஆயிற்று. தம்பி முகம் இன்னும் தெளியவில்லை. முதல் ஒரு வாரம் சார்ஜ் ஏறும்போது அரை மணிக்கொரு தரம் சாக்கெட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வெதுவெதுப்பு இருக்கலாம், சுடக்கூடாது.

2022 மார்ச்சில் வேலூரில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரை இரவில் வீட்டில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுத் தூங்கிய தகப்பனும் மகளும் புகையில் மூச்சு முட்டி இறந்தார்கள். அந்த வருஷம் வேறு சில ஊர்களிலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன் பிறகுதான் சர்க்கார் பாட்டரிச் சோதனை விதிகளைக் கடுமையாக்கிற்று. ஆதலால் பயப்படுவது தவறில்லை. எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் பயப்படுவதுதான் தவறு. மழைக்கு அவ்வளவு பயம் வேண்டாம்: இப்போதுள்ள கார்களில் பாட்டரிப் பெட்டியை ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வைத்தாலும் உள்ளே போகாதபடி அடைத்திருக்கிறார்கள். ஐ.பி. 67 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் 2015-லும் 2023-லும் சென்னையில் வந்ததுபோல் வெள்ளம் வந்து கார் மணிக்கணக்கில் முங்கிக் கிடந்தால், வடிந்தபின் நாமே சார்ஜ் போடக்கூடாது. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவும் கூடாது. பரிசோதித்த பிறகுதான். சார்ஜ் போடுகிற இடம் மாடிப்படிக்கு அடியில், வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டு இருக்கக்கூடாது. எரியாது என்றாலும், எரிந்தால் எப்படி வெளியே போவது என்று யோசித்து வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

பாட்டரியில் இரண்டு ஜாதி உண்டு. பயப்படாதீர்கள், இந்த ஜாதி பிறப்பால் வந்ததல்ல, சரக்கால் வந்தது. நிக்கல், கோபால்ட் கலந்தது ஒன்று. கனம் குறைவு, தூரம் அதிகம். இரும்பும் பாஸ்பேட்டும் கலந்த எல்.எஃப்.பி. மற்றொன்று, கொஞ்சம் கனம், ஆனால் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் தீப்பற்றாது, அதிக நாள் உழைக்கும். நம்மூர் வெயிலுக்கும் வாடகை ஓட்டத்துக்கும் இரண்டாவதே மேலென்பது என் அபிப்பிராயம். தம்பி வாங்கியதும் அதுதான். ஆனால் அவன் அதை வாங்கியது கலர் பிடித்ததால்.

தூரம் எவ்வளவு ஓடும் என்பதில் விளம்பரத்தை நம்பக்கூடாது. சோதனைச் சாலையில் உருளை மேல் ஓட்டிப் பார்த்து முந்நூறு என்று எழுதுவார்கள். ஏ.சி. போட்டு, ஆளையும் மூட்டையையும் ஏற்றி, நெடுஞ்சாலையில் போனால் இருநூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து கோவை போய் வர இருநூறு. ஆக, விமான நிலையத்துக்குச் சவாரி எடுத்தால் அங்கே ஏதாவதொரு இடத்தில் வேகச் சார்ஜரில் போட்டே ஆகவேண்டும். நெடுஞ்சாலை ஓட்டல் வாசல்களில் இருக்கின்றன. சில நேரம் கெட்டுப் போயும் இருக்கின்றன. பண்டிகை நாளில் வரிசையும் உண்டு. முதல் சார்ஜர் இல்லையென்றால் அடுத்தது எங்கே என்று தெரியாமல் பத்து சதத்துக்குக் கீழே இறங்க விடாதே என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறினால் பாட்டரி தண்ணீராய் இறங்கும்; அதைக் கண்டு மிரள வேண்டாம், இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறிக் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். மேலேயே முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கினால் திரும்பி வருவதை வைக்க இடம் இருக்காது. இது அனுபவஸ்தர்கள் சொன்னது; நான் இன்னும் ஏறிப் பார்க்கவில்லை.

இன்னொரு சின்ன சங்கதி. இவ்வளவு பெரிய பாட்டரி இருந்தாலும், கதவுப் பூட்டுக்கும் விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் பழையபடி ஒரு பன்னிரண்டு வோல்ட் பாட்டரி தனியாக இருக்கிறது. அது செத்தால் பெரிய பாட்டரி நிறைய இருந்தும் கார் அசையாது. ராஜா உயிரோடு இருந்தும் வாயிற்காவலன் சாவியைத் தொலைத்த கதை.

செலவு? தினம் நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டினால் இருபது யூனிட்டுக்குப் பக்கமாக ஆகும். இரண்டு மாதக் கணக்கில் ஆயிரத்து இருநூறு யூனிட். நம் வீட்டுக் கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவதால் மேலடுக்கு விலைக்குப் போய்விடும். "யூனிட்டுக்கு இவ்வளவுதானே" என்று கீழடுக்கை வைத்துக் கணக்குப் போடுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளுவது. அப்படியிருந்தும் பெட்ரோல் செலவில் பாதிக்கும் கீழேதான் வருகிறது. பெட்ரோலின் சூட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு புகையாகவும் ரேடியேட்டர் வெந்நீராகவும் போய்விடுகிறது. மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் இரண்டு காரியம் செய்ய வேண்டும்: வீட்டுக்கு அனுமதித்த லோடு போதுமா என்று பார்த்து உயர்த்துவது, வாடகைக் காருக்கு எந்தக் கட்டணப் பிரிவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது. வாயால் "அதெல்லாம் பரவாயில்லை" என்று சொன்னதை அடுத்த அதிகாரி ஒப்புக்கொள்ள மாட்டார்.

மின்சாரக் காரால் புகையே இல்லை என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். நம் தெருவில் இல்லை, அவ்வளவுதான். மேட்டூரிலும் எண்ணூரிலும் நிலக்கரி எரிகிறது. அங்கே குடியிருக்கிற ஏழைகள் அந்தச் சாம்பலைச் சுவாசிக்கிறார்கள். முப்பந்தல் காற்றும் கமுதி வெயிலும் தருகிற பங்கு கூடக் கூட இந்தப் பழி குறையும். அதுவரையில் நாம் சுத்தமானவர்கள் என்று சொல்லிக்கொள்ளுவது, எச்சில் இலையைப் பக்கத்து வீட்டு வாசலில் போட்டுவிட்டு நம் வாசலைப் பெருக்கிக் கோலம் போடுவது போன்றது.

கடைசியாக எலுமிச்சம்பழம். நாலு சக்கரத்துக்கு நாலு பழம் வாங்கி வைத்தாகிவிட்டது எங்கள் வீட்டில், நான் வாங்கியதல்ல. 2025 செப்டம்பரில் டில்லியில் ஒரு பெண் புதுக் காரை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றப்போய், ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டதில், கார் கடையின் முதல் மாடிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ரோட்டில் தலைகீழாக விழுந்தது. அது எஞ்சின் கார். எஞ்சின் உறுமியாவது எச்சரிக்கும். மின்சார மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே முழு இழுப்பையும் சத்தமில்லாமல் கொடுத்துவிடும். ஆகையால் பழத்தை நசுக்கித்தான் தீருவோமென்றால் காலால் நசுக்குங்கள், சக்கரத்தால் வேண்டாமென்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். பழரசம் போடலாமே என்றும் சொன்னேன். முடிவு இன்னும் தெரியவில்லை.

வியாழக்கிழமை கார் பிற்பகல் இரண்டு மணிக்கு வருகிறது. அது ராகுகாலமாம், கடைக்காரர் தயங்கினார், தம்பி ஒப்புக்கொண்டுவிட்டான், சவாரி அதே இரவே இருக்கிறதாம். அதற்கு முன் காலை பத்து மணிக்கு எர்த் அளக்கிற கருவியை இரவல் வாங்கி வருகிறேன். எங்கள் வீட்டுக் குழியை அளந்த பிறகு, விருப்பமுள்ளவர்கள் வீட்டிலும் அளந்து கொடுக்கிறேன். கூலி வேண்டாம், எர்த் குழி எங்கே இருக்கிறதென்று மட்டும் முன்கூட்டியே தேடி வையுங்கள். அந்த மீதி நாலு வீட்டுக்குப் புதன்கிழமை போகிறேன். ஏணி பிடிக்க ஒரு தோழர் வந்தால் சௌகரியம்.